ஏழரைப் பாய்

காற்று இல்லை. இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது, இருக்கிறது என்று சொன்னால் அந்தக் காற்றே கூச்சப்படும். அனல்மின் நிலையத்துப் புகை நேரே மேலே போய், போன பிறகு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கிறது. நானும் அப்படித்தான் நிற்கிறேன், கிளப் கொட்டகைக்குள், கையில் பச்சை ரிப்பனோடு. எதிரே சுவரில் சாய்த்து வைத்த இரண்டு பாய்மரப் பாய்கள். ஒன்று ஒன்பதரை சதுர மீட்டர், இன்னொன்று ஏழரை. செயலாளர் தனுஷ்கோடி சார் விசில் ஊதுவதற்குள் இரண்டில் ஒன்றில் ரிப்பனைக் கட்டிவிட வேண்டும். கட்டினால் கட்டியதுதான், அப்புறம் புயலே வந்தாலும் அன்றைக்கு வேறு பாயைத் தொடக்கூடாது, தூத்துக்குடியில் எங்கள் கிளப்புக்கு இதுதான் சட்டம். ஒரு பலகை, பலகை நடுவில் ஒரு பாய், பாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கடலில் போகிற ஓர் ஆள், விண்ட்சர்ஃபிங் என்றால் இவ்வளவுதாம்மா என்று அம்மாவிடம் முதல் தடவை சொன்னபோது, “விழுந்துட்டா?” என்றாள். விழுந்தா திரும்ப ஏறணும் என்றேன். “ஏறுததுக்காகவாட்டி விழுவே?” என்று கேட்டுவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். அம்மா இப்படித்தான், ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவாள், நான் வருஷக்கணக்காக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே திரிவேன். சரி, பாய். பாயைப் பார், வடிவு. வருஷம் முழுக்கப் பந்தயம் ஓடி நானும் கிளாடியுஸ் மச்சாதுவும் ஒரே புள்ளியில் நிற்கிறோம். இன்றைக்குக் கடைசிப் பந்தயம், இதில் எங்கள் இருவரில் யார் முன்னால் வருகிறாரோ அவர் கோவாவில் நடக்கிற தேசியப் போட்டிக்குப் போகலாம், கிளப்புக்கு அங்கே ஒரே ஓர் இடம்தான். அவனுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, எனக்கு நாற்பத்தொன்று. கேட்கிறவர்களிடம் எல்லாம் ‘பார்ப்போம், நடக்கிறது நடக்கட்டும்’ என்று சொல்லிக்கொண்டு அலைகிறேன். சுத்தப் பொய். எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், இந்தக் கோவா எனக்கு வேண்டும்.

கொட்டகையில் மற்றவர்கள் எல்லாரும் கட்டி முடித்தாயிற்று. எல்லாம் ஒன்பதரை. சிவப்பு ரிப்பன், மஞ்சள் ரிப்பன், கிளாடியுஸின் நீல ரிப்பன், எல்லாம் பெரிய பாய்களின் முனையில் அசையாமல் தொங்குகின்றன, அசைக்கக் காற்று வேண்டுமே. காற்று குறைந்தால் பாய் பெரிசு, காற்று கூடினால் பாய் சிறுசு, இது பலகையில் கால் வைத்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லித்தருகிற பாடம், எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பினேன், தப்பும் இல்லை. பிறகு என்னத்துக்கு நிற்கிறாய்? ஒன்பதரையில் கட்டிவிட்டுப் போய் ஒரு டீ குடிக்க வேண்டியதுதானே. கிளாடியுஸ் தன் பாயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகிறான், எட்டிப் பார்த்து, “என்னக்கா இன்னும் கட்டலையா? ஒம்பதரதான, இதுல என்ன யோசன?” என்கிறான். “கட்டுதேன், கட்டுதேன். நீ போ தம்பி,” என்கிறேன். அவன் கண் ஏழரைப் பக்கம் போய் உடனே திரும்பிவிடுகிறது. “யக்கா, அதப் பாக்காதிய. அது ஏழர.” ஆமாம், ஏழரை. சனி பிடித்து ஆட்டும் வருஷங்களின் கணக்கு. வம்பை விலைக்கு வாங்குகிறவனைப் பார்த்து ஊரெல்லாம் ‘ஏழரையைக் கூட்டாதே’ என்று சொல்கிற ஏழரை. வெளிநாட்டிலிருந்து பாய்கள் வந்தபோது எல்லா அளவிலும் வந்தன, இதுவும் வந்தது, வந்த நாளிலிருந்து ஒருவரும் இதில் ரிப்பன் கட்டியதில்லை. காற்று நடுத்தரமாக வீசி இதுதான் சரியான பாய் என்று தெரிந்த நாட்களில்கூட ஒருத்தர், இப்போது கிழிந்து தையலுக்குப் போயிருக்கிற எட்டரையை எடுத்துக்கொண்டு திணறினார், இன்னொருத்தர் ஆறரையை எடுத்துக்கொண்டு பின்தங்கினார், ஏழரை மட்டும் சுவரில் புதுத்துணி வாசனையோடு சாய்ந்திருந்தது. கடலில் போகிற ஆட்களுக்கு எதற்கும் பயமில்லை என்று வெளியில் பேச்சு. கிளாடியுஸ் ஞாயிறு தவறாமல் பனிமய மாதா கோயிலுக்குப் போகிறவன், அவனுக்கும் சனீஸ்வரருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாள் கேட்டேன். “மாதா சத்தியமா எனக்கு அதுல நம்பிக்கையே கெடையாதுக்கா. ஆனா என்னத்துக்கு வம்பு?” என்றான். சிரித்தேன். சிரித்தேனே தவிர நானும் கட்டவில்லை. எனக்குப் போன தையிலிருந்து நிஜமாகவே ஏழரை நடக்கிறது, அம்மா ஜோசியரிடம் கேட்டு வந்து, “தண்ணிப் பக்கம் போவாதட்டி, தண்ணில கண்டம்னு சொல்லுதாரு,” என்று வாரம் தவறாமல் நினைவுபடுத்துகிறாள். ஏழரை நடக்கிற பெண், ஏழரைப் பாயை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள். ஜோசியருக்குத் தெரிந்தால் மனிதர் தொழிலையே விட்டுவிடுவார்.

பாயைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்பதரையின் பாய்மரம் கனம். இந்தக் கனம் எனக்குத் தெரியும், தோளுக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியும், போன வருஷம் இதே மாதிரி காற்றில்லாத ஒரு நாளில் இதே பாயோடு போய் முனை மிதவையில் திரும்பும்போது விழுந்தேன். விழுந்தது பெரிசில்லை, எல்லாரும் விழுகிறவர்கள்தான். பாய் தண்ணீருக்குள் படுத்துக்கொண்டது. கயிற்றைப் பிடித்து அதை மேலே இழுக்க வேண்டும், பாய்க்கு மேலே அரைக்கடல் தண்ணீர் ஏறி உட்கார்ந்திருக்கிறது, நான் இழுக்கிறேன், பாய் எழும்பவில்லை, நான்தான் பாய் பக்கம் போகிறேன். திரும்ப ஏறு, திரும்ப இழு. உள்ளங்கை உரிந்து, கடைசியில் மீட்புப் படகு வந்து என்னையும் பலகையையும் கட்டி இழுத்துக்கொண்டு போனது. கரையில் யாரும் கேலி செய்யவில்லை. ஒரு பெரியவர் மட்டும், “பாவம், ஒடம்புல சத்து இல்ல,” என்றார். அந்தப் ‘பாவம்’ இன்னும் காதில் இருக்கிறது. உடம்பு, உடம்பு, பிறந்ததிலிருந்து இதே பேச்சு. எத்தனை தின்றாலும் ஒட்டாத உடம்பு, நாற்பத்தேழு கிலோவைத் தாண்டமாட்டேன் என்று சத்தியம் செய்த உடம்பு. பள்ளிக்கூடத்தில் ஒல்லிக்குச்சி. உப்புக் கம்பெனி லேபில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மேனேஜர், மூட்டைப் பக்கம் போகாதேம்மா, சரிஞ்சா தேடி எடுக்கணும் என்றார். பெண் பார்க்க வந்தவர்களின் கதை தனி. அம்மா எனக்கு உள்ளே ஒரு பாவாடைக்கு மூன்று பாவாடை கட்டி, புஷ்டியாகத் தெரியட்டும் என்று பட்டுப்புடவையைக் கொசுவத்துக்கு மேல் கொசுவமாகச் சுற்றி நிறுத்துவாள், வேர்த்து ஒழுகும். விளாத்திகுளத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை, கேசரியை வாயில் வைத்துக்கொண்டே, “பொண்ணு காத்துல பறந்துரும் போலயே,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், வேறு என்ன செய்வாள், பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள். அவர்கள் போன பிறகு மூன்று பாவாடையையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, இனிமேல் யாரையும் கூட்டிக்கொண்டு வராதே என்று சொன்னேன். இந்தக் கிளப்புக்கு வந்த முதல் நாளும் அதே கதைதான். தனுஷ்கோடி சார் என்னை மேலும் கீழும் பார்த்தார், நல்ல மனிதர், கெட்ட எண்ணமில்லை. “அஞ்சு கிலோ ஒடம்ப ஏத்திட்டு வாங்கம்மா, பெறவு பாக்கலாம்,” என்றார். நான் ஏற்றவில்லை, ஏறினால்தானே. மறுநாளும் வந்தேன், அதற்கு மறுநாளும் வந்தேன், அவருக்கே சலித்துப்போய் ஒரு பலகையைக் காட்டினார்.

யோசித்துப் பார், கோபத்தில் முடிவு எடுக்காதே. அத்தை மேல் இருக்கிற கோபத்தில் பாயைத் தேர்ந்தெடுத்தால் நடுக்கடலில் அத்தையா வந்து இழுப்பாள். ஏழரையை எடுத்தால் என்ன ஆகும்? காற்று இன்னும் செத்தால் சின்னப் பாய் என்னத்தைப் பிடிக்கும்? எல்லாரும் முன்னால் நழுவிப் போக நான் கழுவாத தட்டு மாதிரி அங்கேயே கிடப்பேன், கரையிலிருந்து எல்லாரும் பார்ப்பார்கள், ஏழரையை எடுத்தாளே, அனுபவிக்கட்டும் என்பார்கள். ஒன்பதரையை எடுத்தால்? பிடிக்கும், நிச்சயமாகப் பிடிக்கும், முதல் சுற்று முழுக்கப் பிடிக்கும். இரண்டாம் சுற்றில் என் தோள்? இளங்காற்றில் பாயைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதாது, பாயின் குறுக்கே இருக்கிற கைப்பிடிக் கம்பு, அந்தப் பூமைப் பிடித்துப் பாயைத் தன் பக்கம் இழுத்து விட வேண்டும், இழுத்து விட வேண்டும், விசிறுகிற மாதிரி, அந்த விசிறலில்தான் பலகை போகும். கிளாடியுஸின் தோள் பள்ளிக்கூட பெஞ்சு அகலம். அந்தத் தோளுக்கு அளவெடுத்த பாய் அது. அவன் எண்பத்தெட்டு கிலோ, அவனைத் தாங்கி ஒரு பலகை நகர வேண்டுமென்றால் அவ்வளவு துணி வேண்டும்தான், எனக்கு எதற்கு? அவன் எடையில் பாதிக்குச் சற்றே கூடுதல்தான் நான். இது ஒரு கணக்கா என்று மனசு கேட்கிறது, இதுதானே கணக்கு என்று இன்னொரு மனசு சொல்கிறது. அப்புறம் அந்தக் கம்பளி நூல். போன மாசம் யாரும் வராத ஒரு மத்தியானம் இரண்டு பாயிலும் சிவப்புக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். லேபில் இருப்பவளுக்கு எதையும் ஒட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. இங்கே எல்லாரும் காற்றுக் குறைந்தால் பின்முனைக் கயிற்றைத் தளர்த்திப் பாய்க்கு நல்ல தொப்பை வைப்பார்கள், தொப்பை பெரிசானால் நிறையக் காற்றுப் பிடிக்கும் என்று எண்ணம். நூலைப் பார்த்தேன். தொப்பைக்கு முன்னால் இருந்த நூல்கள் ஒழுங்காகப் படிந்து கிடந்தன, பின்னால் இருந்தவை பைத்தியம் பிடித்து வட்டம் போட்டன. சோம்பேறிக் காற்று அவ்வளவு பெரிய வளைவைச் சுற்றி வரமுடியாமல் பாதியிலேயே பாயை விட்டுப் பிரிந்துவிடுகிறது. கயிற்றைக் கொஞ்சம் இழுத்துத் தொப்பையைக் குறைத்தேன், எல்லா நூலும் வரிசையாகப் படுத்தன, பலகை மெல்ல முனகி நகர்ந்தது. தனுஷ்கோடி சாரிடம் சொன்னேன். “எளங்காத்துன்னா பெரிய பாயி, பெரிய வயிறு. இதுல என்னம்மா ஆராய்ச்சி?” என்றார். நூலை நான் பார்த்தேனே. என் கண்ணால் பார்த்தேனே. பார்த்ததை விட்டுவிட்டுச் சொன்னதைக் கேட்க வேண்டுமா? ஆனால் கண்டம் என்றாரே ஜோசியர். ஒன்பதரைக்கும் அதே தண்ணீர்தானே, கண்டம் பாயின் அளவு பார்த்தா வரும்? வந்தாலும் வரும், சனிக்கு என்ன, தன் பெயர் எழுதிய வீட்டுக்கு வருகிற மாதிரி நேரே வந்துவிடும். சே. அம்மா இந்த நேரம் வீட்டில் எள்ளு விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். விசில். ஐயோ, சார் விசிலை வாயில் வைத்துவிட்டார். எல்லாருக்கும் காற்று ஒன்றுதான், ஆனால் எல்லாரும் ஒரே ஆளா? பச்சை ரிப்பனை ஏழரையின் முனை வளையத்தில் கோத்து ஒரு முடிச்சு, மேலே இன்னொரு முடிச்சு. கட்டியாயிற்று. “யக்கா!” என்று கிளாடியுஸ் வாசலிலிருந்து அலறுகிறான். “ஏன்க்கா இப்படி? எனக்கு விட்டுக் குடுக்கியளா?” அவன் முகத்தில் நிஜமான வருத்தம். “ஒனக்கா? விட்டா? போ, போய் பலகைய எறக்கு,” என்கிறேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. பாயைத் தூக்குகிறேன், சட்டென்று எழுந்து கைக்கு வருகிறது, அடம் பிடிக்காத பிள்ளை மாதிரி, போன வருஷத்துக் கனம் இல்லை, தோள் அதை எதிர்பார்த்து இறுகியிருந்தது, ஏமாந்து போகிறது. கயிற்றை ஒரு விரற்கடை இழுத்துத் தொப்பையைக் குறைக்கிறேன். ஹாரன் அடிக்கிறது. கிளாடியுஸ் நாலு விசிறலில் எங்களை எல்லாம் விட்டு வெளியே போகிறான், பெரிய பாய் பளீர் பளீர் என்று அடிக்கிறது. முதல் மிதவைக்குப் போகும்போது எனக்கு முன்னால் ஐந்து பாய்கள். தப்பு செய்துவிட்டாய். அவிழ்க்க முடியாத முடிச்சுப் போட்டுவிட்டாய். இப்படித்தான் உனக்கு எல்லாம், ஊர் சொல்வதற்கு ஒரு எதிர்ப்பேச்சு, பிறகு வாசலில் உட்கார்ந்து அழுகை. வாயை மூடு. எண்ணாதே. இழு, விடு. சின்ன இழுப்பு, சின்ன விடுகை. மூச்சும் அதே கணக்கில் போகட்டும். மிதவையில் திரும்புகிறேன், பாயை முன்னால் தள்ளி, பாய்மரத்தைச் சுற்றி மூன்று எட்டு வைத்து, அந்தப் பக்கம் போயாயிற்று, பலகை குலுங்கக்கூட இல்லை. எனக்கு முன்னால் மஞ்சள் ரிப்பன்காரர் திரும்பும்போது அவர் கனத்துக்குப் பலகை முங்கி நிற்கிறது, நிற்கிற பலகையை மறுபடி கிளப்ப அவர் பத்து விசிறல் விசிற வேண்டும், அதற்குள் நான் அவரைத் தாண்டிவிட்டேன். தாண்டிவிட்டேனா? திரும்பிப் பார்க்காதே. இரண்டாம் சுற்றில் காற்று நான் பயந்த மாதிரியே செத்துவிட்டது. கடல் சலவைக்காரர் விரித்த வேட்டி மாதிரி ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடக்கிறது. இதோ, இதுதான் அது, இதற்குத்தானே பயந்தாய். முன்னால் பெரிய பாய்கள் எல்லாம் தொப்பை சரிந்து தொங்குகின்றன, அவர்கள் அடிக்கிறார்கள், அடித்து அடித்து நிறுத்துகிறார்கள், கையை உதறுகிறார்கள், மறுபடி அடிக்கிறார்கள். என் கை நிற்கவில்லை. என் கைக்கு வலிக்கிறது, வலிக்காமல் இருக்குமா, ஆனால் நிற்கவில்லை. நான் ஓர் இறகு எடை, பலகை என்னைச் சுமக்கிறதென்றே அதற்குத் தெரியாது. சிவப்பு ரிப்பன் பின்னால் போகிறது. இன்னும் இரண்டு பின்னால் போகின்றன. விளாத்திகுளத்து அத்தையே, வந்து பார், கேசரியோடு வா.

இப்போது முன்னால் நீலம் மட்டும். கிளாடியுஸின் முதுகு தெரிகிறது, பனியன் நனைந்து ஒட்டியிருக்கிறது, அவனும் நிற்கவில்லை, சும்மா சொல்லக்கூடாது, எருது மாதிரி உழைக்கிறான். ஆனால் ஒரு விசிறலுக்கும் அடுத்த விசிறலுக்கும் நடுவில் அவனுக்கு ஒரு மூச்சு தேவைப்படுகிறது, அந்த மூச்சுக்குள் அவன் பலகை செத்து நின்றுவிடுகிறது, என் பலகை அந்த மூச்சுக்குள் ஒரு முழம் நெருங்குகிறது. ஒரு முழம், இன்னொரு முழம். என் பச்சை ரிப்பன் லேசாக அசைகிறது, அதை அசைக்கிற காற்று நான் போகிற வேகத்தில் வருகிற காற்று, நானே உண்டாக்கிய காற்று. தலைக்குள் யாருமில்லை, ஜோசியரில்லை, பெரியவரின் ‘பாவம்’ இல்லை. பக்கத்தில் வந்துவிட்டேன். அவன் திரும்பிப் பார்க்கிறான், வாயைத் திறக்கிறான், பேச மூச்சில்லை. கரையில் தனுஷ்கோடி சார் ஹாரனைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பது தெரிகிறது. இழு, விடு. இழு, விடு. இழு. என் பலகையின் மூக்கு அவன் மூக்கைத் தாண்டுகிறது, ஒரு கை தாண்டுகிறது, ஒரு ஆள் தாண்டுகிறது, ஹாரன் ஒலிக்கிறது. எனக்குத்தான். எனக்கு! நான் சத்தம் போடுகிறேன், என்ன சத்தம் என்று எனக்கே தெரியவில்லை, நாற்பத்தொரு வருஷமாக உள்ளே வைத்திருந்த சத்தம், பூமை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்குகிறேன், பாய் விழுகிறது, நானும் விழுகிறேன், உப்புத் தண்ணீர் வாய் நிறைய, சிரிப்பு நிற்கவில்லை. தண்ணீரில் கண்டமாம். ஒரு கையால் கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன், ஏழரை எழுந்து வருகிறது.

கரையில் மணலில் பாயைக் கிடத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெயித்தவரின் ரிப்பனை அந்தப் பாயிலிருந்து அடுத்த பருவம் வரைக்கும் அவிழ்க்கக்கூடாது, அதுவும் எங்கள் சட்டம், என் பச்சை இனி இதில்தான் இருக்கும். அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். “எந்தப் பாயிலட்டி போன?” என்றாள். ஏழரையிலம்மா என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு, “அந்தச் சனீஸ்வரன் நல்லாருக்கட்டும்,” என்றாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். தனுஷ்கோடி சார் வந்து குனிந்து பாயின் பின்முனைக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார், எவ்வளவு இழுத்திருக்கிறேன் என்று விரலால் அளந்தார், கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். கிளாடியுஸ் மூச்சு வாங்க என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான், மணல் அதிர்ந்தது. கொஞ்ச நேரம் ஏழரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “யக்கா, கோவாவுக்கு நீங்கதான், அதுல எனக்கு வருத்தமில்ல. அடுத்த வாரம் எளங்காத்து அடிச்சா, இந்த ஏழரய எனக்கு ஒரு தடவ தருவியளா?” என்றான். அவனை மேலும் கீழும் பார்த்தேன். அந்தத் தோளை, அந்த வயிற்றை, மணலில் பதிந்து கிடந்த அவன் காலடிப் பள்ளங்களை, அவசரமில்லாமல், நிதானமாக, நல்லா ரசித்துப் பார்த்தேன்.

“நாப்பது கிலோ ஒடம்ப எறக்கிட்டு வா தம்பி,” என்றேன். “பெறவு பாக்கலாம்.”